வளம் யாருடையது?



தை பிறக்கப் போகிறது. சம்பாக் கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. சில ஊர்களில் அறுவடையும் தொடங்கிவிட்டது. இன்னும் சில நாளில் நம் கோவில் முற்றத்திலும் புதுப்பானை ஏற்றி, புத்தரிசிப் பொங்கலிட்டு, முதற்பலனைப் பீடத்தண்டையில் கொண்டுவந்து வைப்போம். இந்த வேளையிலே, வளமான நிலத்தைக் குறித்து வேதாகமம் நமக்கு என்ன போதிக்கிறது என்று சற்று தியானிப்பது நல்லது. ஏனென்றால் நாம் வளமான நிலத்திலே பிறந்தவர்கள். வடக்கே காவிரியும் தெற்கே அரசலாறும் ஓட, நடுவே குடியிருக்கிறவர்கள். பழகிப்போன நன்மையை மனிதன் எளிதிலே மறந்துபோவான்.

இந்தக் காரியத்தில் நம் மேற்றிராசனத்துக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. 1899ஆம் ஆண்டில் புதுச்சேரி அதிமேற்றிராசனத்திலிருந்து பிரிந்து உண்டான நம் கும்பகோணம் மேற்றிராசனத்திலே, கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சி இருக்கிறது. சேசு சபைக் குருவாகிய வீரமாமுனிவர் (1680–1747) அடைக்கல மாதாவின் பேரால் திருக்காவலூர் என்று கொண்டாடிய ஊர் அதுவே. இத்தாலியா தேசத்தில் பிறந்த அந்த மகான், அர்ச். சூசையப்பருடைய சரித்திரத்தைத் தேம்பாவணி என்னும் பெருங்காப்பியமாக 1726இல் இயற்றினார். 36 படலங்களும் மூவாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட விருத்தங்களும் கொண்ட அந்நூல் யூதேயா நாட்டின் வர்ணனையோடு தொடங்குகிறது. அந்த யூதேயாவைப் பார்த்தால் நம்முடைய சோழநாடாகவே தோன்றும். மேகம் திரண்டு பெய்கிறது. வெள்ளம் கரைபுரண்டு வருகிறது. வயலெங்கும் நெல் விளைகிறது.

உள்ளபடியே யூதேயாவில் நெல் விளைவதில்லை. அது மலைநாடு; கல்லும் கரடுமாய் இருக்கிற பூமி. மோயீசன் அந்தத் தேசத்தின் பலன்களை எண்ணிச் சொல்லும்போது கோதுமை, வாற்கோதுமை, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம், தேன் என்றுதான் சொல்கிறார். அப்படியானால் முனிவர் தவறாய் எழுதினாரோ? இல்லை. ஆசீர்வாதம் என்றால் இன்னதென்று தமிழனுக்கு விளங்க வேண்டுமானால், அவன் கண் கண்ட வயலையும் வாய்க்காலையும் கொண்டுதான் விளக்க வேண்டும். காப்பிய மரபும் அதுவே. ஆனால் நாம் அத்தோடு நின்றுவிடாமல், வேதாகமம் தன் வாயால் சொல்லும் நிலம் எப்படிப்பட்டது என்றும் கேட்க வேண்டும். அதிலே நமக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது.

உபாகமம் 11ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இஸ்ராயேல் ஜனங்கள் நாற்பது வருஷம் வனாந்தரத்தில் அலைந்தபின், யோர்தான் நதிக்கு அக்கரையில் கூடியிருக்கிறார்கள். அவர்கள் போய்ச் சேரவேண்டிய தேசம் எப்படிப்பட்டதென்று மோயீசன் விவரிக்கிறார். நீங்கள் விட்டுவந்த எஜிப்து தேசத்தைப் போன்றதல்ல அது என்கிறார். எஜிப்திலே விதைத்தபின் கீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சுவதுபோலக் காலாலே தண்ணீர் பாய்ச்சினார்கள். புதிய தேசமோ குன்றும் பள்ளத்தாக்குமாய் இருப்பது. வானத்து மழையைக் குடித்துப் பிழைப்பது. வருஷத் துவக்கம் முதல் முடிவுவரை சர்வேசுரனுடைய கண் அதன்மேல் இருக்கிறது என்கிறார்.

காலாலே பாய்ச்சுவது என்றால் என்னவென்று வேத சாஸ்திரிகள் பலவிதமாய் ஆராய்கிறார்கள். நம் விவசாயிக்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. காலால் மண்ணைத் தள்ளி மடையைத் திறக்கவும், அதே காலால் மிதித்து அடைக்கவும் அவனுக்குத் தெரியும். நேர்மையாய்ச் சொன்னால், மோயீசனுடைய வார்த்தையைக் கேட்டு நம் ஊர்க்காரன், “அப்படியானால் எஜிப்துதானே நல்ல ஊர்!” என்றுதான் சொல்வான். மழையை நம்பிக் கிடக்கிற சீமையை நாம் ‘வானம் பார்த்த பூமி’ என்று இரக்கத்தோடு சொல்கிறோம். அப்பக்கத்தில் பெண் கொடுக்கவும் யோசிக்கிறோம். ஆனால் சர்வேசுரன் தம்முடைய ஜனத்துக்கென்று தெரிந்தெடுத்த பூமி வானம் பார்த்த பூமிதான்! பாலும் தேனும் பொழியும் தேசம் என்பது மடையைத் திறந்தால் தானே விளைகிற தேசமல்ல. முன்மாரிக்கும் பின்மாரிக்கும் வருஷாவருஷம் கண்ணை உயர்த்திக் கும்பிட வேண்டிய தேசம். தம் பிள்ளைகள் தம்மை மறந்துபோகாத இடத்திலே அவர்களைக் குடிவைக்கப் பிதாவானவர் சித்தங்கொண்டார்.

அப்படியானால் நம்முடைய கதி என்ன? நாம் இருப்பது எஜிப்தைப் போன்ற ஆற்றுப் பாசன நாடல்லவா? ஆம். நைல் நதியும் காவிரியும் ஒரே விதமானவை. எத்தியோப்பியா மலைகளில் பெய்த மழை நைல் வெள்ளமாய் வந்து எஜிப்தை வாழவைத்தது. குடகு மலையில் பெய்கிற மழை காவிரியாய் வந்து நம்மை வாழவைக்கிறது. இப்படிப்பட்ட நாட்டில் உள்ளவனுக்கு ஒரு சோதனை உண்டு. மடையைத் திறக்கிறது தன் கையாகையால், தண்ணீரும் தன்னுடையதே என்று அவன் எண்ணத் தலைப்படுவான். மழை பெய்கிற மலையை அவன் காண்பதில்லை. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபின், ஜூன் 12 என்றால் தண்ணீர் வரும் என்று பஞ்சாங்கத்தைப் போல நம்பினோம். அந்த நம்பிக்கையையும் காலம் அசைத்துவிட்டது. 2022இல் மே 24ஆம் தேதியே அணை திறந்தது. 2024இல் ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தது. குறுவை போன வருஷங்களை உங்களில் பெரியவர்கள் விரல்விட்டு எண்ணுவீர்கள். தமிழ்நாடும் கர்நாடகமும் நீருக்காக வழக்காடி, 2007இல் நடுவர் மன்றமும் 2018இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. தீர்ப்பு தண்ணீரைப் பங்கிடும், மழையைப் பெய்விக்காது. ஆகவே, பிரியமானவர்களே, டெல்டாவும் வானம் பார்த்த பூமிதான். வானம் சற்றுத் தூரத்தில் இருக்கிறது, அவ்வளவே.

வேதாகமத்தில் வளமான நிலத்தை முதல் முதல் ஆசையோடு பார்த்தவன் யார்? லோத். ஆதியாகமம் 13ஆம் அதிகாரத்தில் அந்தச் சரித்திரம் இருக்கிறது. ஆபிராமுக்கும் அவர் சகோதரன் மகனாகிய லோத்துக்கும் ஆடுமாடுகள் பெருகின. இடம் போதவில்லை. மேய்ப்பர்களுக்குள் சண்டை மூண்டது. பெரியவராகிய ஆபிராம் என்ன செய்தார்? தகப்பன் ஸ்தானத்தில் இருந்தும், முதற்பங்கு தமக்கென்று அவர் கேட்கவில்லை. நமக்குள் சண்டை வேண்டாம், நீ இடப்புறம் போனால் நான் வலப்புறம் போகிறேன் என்று இளையவனுக்கே முதலில் விட்டுக்கொடுத்தார். லோத் கண்ணை உயர்த்தி யோர்தான் சமவெளியைப் பார்த்தான். எங்கும் நீர்வளம். அது சிங்காரவனத்தைப் போலவும் எஜிப்து தேசத்தைப் போலவும் இருந்ததாக வேதாகமம் சொல்கிறது. பேச்சுக்குக்கூடத் தயங்காமல் அதை எடுத்துக்கொண்டான். அண்டையில் சோதோம் பட்டணம் இருந்ததையும், அங்குள்ளவர்களின் அக்கிரமத்தையும் அவன் கணக்கில் எடுக்கவில்லை. முடிவு உங்களுக்குத் தெரியும். நஞ்சையாய் இருந்த பூமி சாம்பலாயிற்று. அவனுடைய மனைவி உப்புத்தூண் ஆனாள்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். லோத் தானே கண்ணை உயர்த்திப் பார்த்தான். ஆபிராமையோ, லோத் பிரிந்துபோனபின், சர்வேசுரன்தாமே அழைத்துக் கண்ணை உயர்த்திப் பார்க்கச் சொன்னார். நாலு திசையும் உனக்கும் உன் சந்ததிக்கும் தருகிறேன் என்று வாக்களித்தார். விட்டுக்கொடுத்தவன் இழந்துபோகவில்லை, பாய்ந்து எடுத்தவன் நிலைத்திருக்கவில்லை.

பாகப்பிரிவினை என்றால் நம் குடும்பங்களில் நடப்பதென்ன? ஒரே தாய் வயிற்றில் பிறந்து, ஒரே கோவிலில் ஞானஸ்நானம் பெற்று, ஒரே பீடத்தில் நன்மை வாங்கிய அண்ணனும் தம்பியும், தலைமடையில் இருக்கிற அரைமா நிலத்துக்காகக் கோர்ட்டு வாசலில் முகம் திருப்பி நிற்கிறார்கள். வரப்பை ஒரு சாண் நகர்த்தியதற்காகப் பத்து வருஷம் பேச்சில்லை. நிலத்தை விற்றுத்தான் வக்கீலுக்குக் கொடுக்கிறார்கள். கூடப் பிறந்த பெண்ணுக்குப் பங்கு கேட்க உரிமை உண்டென்று சட்டம் சொன்னாலும், கேட்டால் தாய்வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாதென்று கட்டளையிடுகிறார்கள். லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில் சர்வேசுரன் வெளிப்படையாய்ச் சொல்லியிருக்கிறார்: பூமி தம்முடையது, இஸ்ராயேலர் அதில் தம்மிடம் தங்கிவந்த பரதேசிகள். நம் பாஷையில் சொன்னால், அவரே மிராசுதார், நாமெல்லாம் குத்தகைக்காரர். குத்தகைக்காரன் இருவர் தங்களுக்குள் வெட்டிக்கொண்டால், நிலத்துக்கு உடையவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாரா?

நம் திவ்விய கர்த்தரும் விளைச்சலைக் குறித்து ஒரு உவமை சொன்னார். அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 12ஆம் அதிகாரத்தில் அது இருக்கிறது. ஒரு தனவந்தனுடைய நிலம் நன்றாய் விளைந்தது. அவன் விளைவித்தான் என்று சேசுநாதர் சொல்லவில்லை. நிலம் விளைந்தது என்கிறார். அவனோ, பேசத் தொடங்கினது முதல் என் தானியம், என் களஞ்சியம், என் பொருள், என் ஆத்துமம் என்று எல்லாவற்றையும் தன் பேருக்கே எழுதிக்கொள்கிறான். மழையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நட்ட பெண்களைப் பற்றி, அறுத்த ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பத்தாயம் போதவில்லை, இடித்துப் பெரிதாய்க் கட்டலாம் என்பதே அவன் யோசனை. அன்று இரவே அவன் ஆத்துமம் கேட்கப்பட்டது. நம் பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். களஞ்சியம் நிற்கிறது, கட்டிய ராஜாக்கள் போய்விட்டார்கள். அந்தத் தனவந்தன் மூடன் என்று அழைக்கப்பட்டது சேர்த்துவைத்ததற்காக மாத்திரமல்ல. சேர்த்தது யாருக்கென்று தன்னைத் தானே கேட்காததற்காக.

யாருக்கு? இந்தக் கேள்விக்கு மோயீசனுடைய சட்டம் தெளிவாய் மறுமொழி சொல்கிறது. அறுக்கும்போது வயலின் ஓரம்வரை ஒட்ட அறுக்கக் கூடாது; சிந்திய கதிரைப் பொறுக்கக் கூடாது; மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பக் கூடாது. அவையெல்லாம் ஏழைக்கும் பரதேசிக்கும் அனாதைக்கும் விதவைக்கும் உரியவை. இது தர்மமல்ல, பிரியமானவர்களே; உரிமை. ரூத் என்னும் விதவை, அந்நிய ஜாதிப் பெண், பெத்லகேம் ஊரில் போவாஸ் என்பவருடைய வயலில் இந்த உரிமையால்தான் கதிர் பொறுக்கினாள். அறுவடைக்காரரிடம் அவர், வேண்டுமென்றே சில கதிர்களைச் சிந்திவிடச் சொன்னார். அந்த ரூத்தின் வம்சத்திலே தாவீது இராஜா பிறந்தார். தாவீதின் வம்சத்திலே, அதே பெத்லகேமிலே, உலக இரட்சகர் பிறந்தார். பெத்லகேம் என்றால் அப்பத்தின் வீடு என்று பொருள். வயலோரத்தில் ஏழைக்கென்று விட்ட கதிரிலிருந்து, பீடத்தின்மேல் நாம் வாங்கும் ஜீவிய அப்பம்வரை ஒரே வழியாய் வருகிறது பாருங்கள்!

இப்போது நம் வயலைப் பார்ப்போம். அறுவடை இயந்திரம் இறங்கித் திரும்ப இடம் வேண்டுமென்று, நாலு மூலையையும் முன்னதாகவே கையால் அறுத்துவிடுகிறோம். வேதாகமம் விட்டுவைக்கச் சொன்ன மூலையே முதலில் போய்விடுகிறது! இயந்திரம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆள் கிடைக்காத கஷ்டமும், மழைக்கு முன் கரையேற்ற வேண்டிய அவசரமும், கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகமென்று திருப்பப்படும் வேதனையும் எனக்குத் தெரியும். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்ற பழமொழி பொய்யல்ல. ஆனால் முன்பு களத்திலே கூலி நெல்லும், கதிர் பொறுக்கி நாலு படியும் வீட்டுக்குக் கொண்டுபோன கிழவிக்கு இன்று அந்த வயலில் என்ன பங்கு? அவள் பங்கை இயந்திரம் தின்றுவிட்டது என்று சொல்லி நாம் கைகழுவிவிட முடியுமா?

கூலியைக் குறித்து அர்ச். யாகப்பர் தம் நிருபத்தில் எழுதியிருப்பது பயங்கரமானது. அறுத்தவர்களுக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறதென்றும், அந்தச் சத்தம் சேனைகளின் கர்த்தருடைய செவிக்கு எட்டிவிட்டதென்றும் எழுதுகிறார். இது எங்கோ யூதேயாவில் நடந்த சங்கதியல்ல. நம் பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் பண்ணையாட்களைப் பாதுகாக்க 1952இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. நிலம் தாராளமாய் விளைந்தது. அதை விளைவித்தவன் வயிறு நிறையவில்லை. 1968ஆம் வருஷம் டிசம்பர் 25ஆம் தேதி இரவு, கூலித் தகராற்றின் பகையிலே, கீழ்வெண்மணியில் விவசாயத் தொழிலாளர் குடும்பத்தார் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள்ளே எரிந்து மாண்டார்கள். ஜாதியின் பேரால் ஒதுக்கப்பட்ட ஏழைகள் அவர்கள். அது கிறிஸ்துமஸ் இராத்திரி. நம் கோவில்களில் மாட்டுத்தொழுவம் ஜோடித்துப் பாலனை வைத்திருந்த அதே இராத்திரி. இந்த நெற்களஞ்சியத்தின் மத்தியில் நடந்த அதை நாம் மறக்க உத்தரவில்லை. வளமான நிலம் ஆசீர்வாதத்துக்கு அடையாளமாவது தானாக அல்ல; அதன் சோற்றைச் சேர்ந்து உண்ணும்போதுதான்.

கடைசியாக ஒரு நதியைக் காட்டுகிறேன். எசேக்கியேல் தீர்க்கதரிசி பாபிலோன் நாட்டில் ஒரு கால்வாய் ஓரத்தில் சிறைவாசியாய் இருந்தவர். அவர் ஆகமம் 47ஆம் அதிகாரத்தில் ஒரு காட்சி இருக்கிறது. தேவாலய வாசற்படியின் கீழிருந்து ஊற்று ஒன்று புறப்படுகிறது. ஆயிரம் முழம் போனபின் தண்ணீர் கணுக்கால் அளவு; இன்னும் ஆயிரம் போனால் முழங்கால்; இன்னும் ஆயிரம் போனால் இடுப்பு; அதற்கும் அப்பால் நீந்தியல்லாமல் கடக்க முடியாத ஆறு. வழியிலே வேறு ஆறு வந்து சேர்ந்ததாக அங்கே சொல்லப்படவில்லை. நம் காவிரியோ அகண்டமாய் வந்து, பிரிந்து பிரிந்து, பூம்புகாரில் கடலைச் சேரும்போது சிறுத்துப்போகிறது. கடைமடைக்காரன் படும் பாட்டை நீங்கள் அறிவீர்கள். உலகத்து ஆறு போகப்போகக் குறையும். சர்வேசுரனுடைய ஆறு போகப்போகப் பெருகும். அது போய்ச் சேர்வது உப்புக்கடல். மீன் ஒன்றும் பிழைக்காத சாவுக்கடல். அதையும் அது நன்னீராக்குகிறது. கரையிலே மாதந்தோறும் கனி தரும் மரங்கள் நிற்கின்றன. லோத் ஆசைப்பட்டு, பின் உப்பாய்ப்போன பிரதேசம் அதுதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மனிதனுடைய பேராசை கெடுத்த பூமிக்கே கிருபையின் நதி முதலில் பாய்கிறது. சிலுவையிலே குத்தித் திறக்கப்பட்ட திருவிலாவிலிருந்து பாய்ந்த இரத்தமும் தண்ணீரும் அந்த நதியே என்று வேத பிதாக்கள் போதித்தார்கள்.

ஆகையால் இந்தப் பொங்கலுக்கு மூன்று காரியம் செய்யுங்கள். நெல்லைக் களத்திலிருந்து ஏற்றுமுன் கூலியைத் தீர்த்துக் கொடுங்கள். பாக்கி வைக்க வேண்டாம். ஒரு மரக்கால் நெல்லாகிலும், வயலில் வேலை இழந்த ஏழை வீட்டுக்கு முதலில் போகட்டும். பேச்சு நின்றுபோன சகோதரன் வீட்டுக்குக் காணும் பொங்கலன்று பெரியவனே முதலில் புறப்பட்டுப் போகட்டும், ஆபிராமைப் போல. எங்களுக்கு நிலமேது என்று பட்டணவாசிகள் சொல்ல வேண்டாம். பாத்திரக்கடையும் பட்டுத்தறியும் மாதச் சம்பளமும் உங்கள் வயல்தான். உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்குகிறவளும் கடையில் மூட்டை தூக்குகிறவனும் அந்த வயலில் அறுக்கிறவர்கள்தான்.

வீரமாமுனிவர் அர்ச். சூசையப்பருக்குத் தமிழில் வளன் என்று பெயர் வைத்தார். எபிரேய பாஷையில் அப்பெயருக்குப் பெருகச் செய்வார் என்று பொருள். அதைத் தொட்டே அப்படி அழைத்தார். அந்த வளனுக்கு வயல் இருந்ததாக வேதத்தில் இல்லை. அவர் தச்சர். திருக்குழந்தையைக் கோவிலில் ஒப்புக்கொடுத்தபோது, ஆட்டுக்குட்டி வாங்க வகையில்லாதவர் செலுத்தும் பறவைக் காணிக்கையையே செலுத்தினார். ஆனாலும் உலகத்துக்கு ஜீவிய அப்பமானவரைத் தம் கைவேலையால் ஊட்டி வளர்த்தார். வளம் என்பது நாம் எவ்வளவு வைத்திருக்கிறோம் என்பதல்ல, நம் கையால் யார் பசியாறுகிறார்கள் என்பதே என்று அந்த ஏழைத் தச்சர் நமக்குக் காட்டுகிறார்.

குடகு மலையில் பெய்யும் மழைக்கும் கடைமடைக் கதிருக்கும் உடையவராகிய சர்வேசுரன் உங்கள் வயல்களையும் வீடுகளையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.

உங்கள் பங்குக் குரு